ஸ்டட் பற்றவைப்பும் காப்பு நெறிகளும்

எஃகுத் தகட்டில் துளையிடாமல், மறுபுறம் மரைமுடுக்காமல், ஓர் உலோகத் தண்டினை நொடிப்பொழுதில் நிலைபெறச் செய்வது ஸ்டட் வெல்டிங் என்னும் தண்டுப் பற்றவைப்பாகும். 1930களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் மேர் தீவுக் கடற்படைத் தளத்தில், கப்பலின் எஃகுத் தளத்தோடு மரப்பலகைகளைப் பொருத்தும் பணியை எளிதாக்க டெட் நெல்சன் என்பார் இம்முறையை வளர்த்தெடுத்தார். இன்று பாலங்களிலும் மாடிக் கட்டடங்களிலும் எஃகு உத்தரத்தையும் கான்கிரீட்டையும் பிணைக்க இம்முறையே பெரிதும் பயன்படுகிறது.

துப்பாக்கி வடிவக் கருவியின் விசையை அழுத்தியதும் தண்டு சற்றே உயர, இடையில் மின்வில் தோன்றுகிறது. உருகிய உலோகத்தினுள் தண்டு உடனே அழுத்தப்படுகிறது. 19 மி.மீ. தண்டிற்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஏறத்தாழ 1,500 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. பீங்கான் வளையமொன்று வில்லைச் சூழ்ந்து நிற்கிறது. வில் மறைந்துள்ளது, நேரமும் குறைவு என்னும் எண்ணமே இத்தொழிலின் முதற் பகை. ஒரு பணியாளர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தண்டுகளைப் பொருத்துவார் என்பதை மறத்தலாகாது.

வளைய இடுக்கின் வழியே கசியும் புற ஊதாக் கதிர் கருவிழியைத் தாக்கும். உறுத்தலும் நீர்வடிதலும் சில மணி நேரம் கழித்தே தோன்றுமாதலின், தீங்கு நேர்ந்ததை அப்போது உணர இயலாது. எனவே நிறக்கண்ணாடி இன்றியமையாதது. குளிர்ந்த வளையத்தைச் சுத்தியலால் உடைக்கும்போது சில்லுகள் தெறிக்குமாதலின், அப்போதும் கண்காப்பைக் கழற்றலாகாது. தோலுறையும் பருத்தியாடையும் தீப்பொறியினின்று உடலைக் காக்கும்.

மின்தேக்கியால் இயங்கும் கருவியில் மற்றோர் இடர் உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் அதில் மின்னேற்றம் எஞ்சியிருக்கும்; ஆகவே பயிற்சி பெற்றவரன்றிப் பிறர் அதன் பெட்டியைத் திறத்தல் கூடாது. அதன் வெடிப்பொலி செவியைத் தாக்குமாதலின் செவிக்காப்பும் தேவை. வலிய காந்தப்புலம் தோன்றுவதால், இதயமுடுக்கி பொருத்தப்பட்டோர் மருத்துவரின் இசைவின்றி அருகில் செல்லலாகாது.

துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து எழும் புகை காய்ச்சலைத் தரவல்லது, காற்றோட்டம் வேண்டும். குளோரின் கலந்த கரைப்பானால் தகட்டைத் துடைத்தல் அதனினும் கொடிது. அதன் ஆவி மின்வில்லின் கதிர்பட்டுப் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாகக்கூடும்.

பொறிகள் தளத்தின் விளிம்பு வழியே கீழ்த்தளத்தில் விழுந்து புகையத் தொடங்கலாம். ஆதலின் பணி முடிந்த பின்னரும் அரைமணி நேரமேனும் ஒருவர் காவலிருத்தல் நன்று.

நொடியில் முடியும் பணிக்கு நாள் முழுதும் விழிப்பு வேண்டும். கருவியின் திறன் பொருத்தும் தண்டின் வலிமையில் விளங்கும். பணியாளரின் திறனோ, மாலையில் ஊறின்றி இல்லம் திரும்புவதில் விளங்கும்.