சைக்கிள் எழுதும் கணக்கை நாமே படிக்கலாம்

2020 ஜூலை 23 அன்று கார்மின் நிறுவனத்தின் கணினிகளை ரேன்சம்வேர் தாக்குதல் முடக்கிப்போட்டது. அந்நிறுவனத்தின் ஜிபிஎஸ் கருவியைச் சைக்கிளில் மாட்டி ஓட்டுகிறவர்கள் தங்கள் பயணப் பதிவுகளை ஏற்றிவைக்கும் இணையச் சேவை பல நாட்கள் படுத்துவிட்டது. வீடு திரும்பியதும் போனில் தானாக வந்து நிற்கும் வரைபடமும் வேகமும் வரவில்லை. ஆனால் பதிவு எதுவும் தொலையவில்லை. ஓடிய தூரம் முழுவதும் ஹேண்டில்பாரில் இருந்த கருவிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, ஆக்டிவிட்டீஸ் என்ற கோப்புறையைத் திறந்தவர்களுக்கு அன்றைய பயணம் ஒரு கோப்பாகக் கிடைத்தது.

அந்தக் கோப்பை நிறுவனத்தின் தயவில்லாமல் நாமே படித்துவிட முடியும். கொஞ்சம் பைத்தான் தெரிந்தால் போதும். பள்ளியில் கணினி அறிவியல் எடுத்த மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால், திரையில் காட்டப்படும் எண்களில் எது அளக்கப்பட்டது, எது கணக்குப் போட்டு வரவழைக்கப்பட்டது என்பது அப்போதுதான் பிடிபடும்.

இன்றைய சைக்கிள் கருவிகளில் பெரும்பாலானவை எழுதுவது ஃபிட் என்ற வடிவம். நோட்பேடில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். பைட் பைட்டாகத்தான் படிக்க வேண்டும். முதல் பைட், தலைப்பகுதி எத்தனை பைட் நீளம் என்று சொல்கிறது, பெரும்பாலும் 14. ஐந்தாவது பைட் முதல் எட்டாவது வரை, உள்ளே எவ்வளவு தரவு இருக்கிறது என்ற அளவு. அடுத்த நான்கு பைட்டுகள் 46, 70, 73, 84 என்று இருந்தால் அது ஃபிட் கோப்புதான்: ஒரு புள்ளியும் வடிவத்தின் பெயரும் எழுத்துக் குறியீடுகளாக அங்கே பதிந்திருக்கின்றன. கோப்பின் கடைசி இரண்டு பைட்டுகள் சரிபார்ப்பு எண். நடுவில் ஒரு பைட் மாறியிருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும்.

நடுவில் இருப்பவை இரண்டு வகைப் பதிவுகள். கடைக் கணக்கு நோட்டில் தேதி, பொருள், விலை என்று பத்திகளுக்குத் தலைப்பை ஒருமுறை எழுதிவிட்டு, கீழே எண்களை மட்டும் அடுக்கிக்கொண்டே போவது போன்ற ஏற்பாடு. முதலில் ஒரு வரையறைப் பதிவு வரும்: முதல் 4 பைட் நேரம், அடுத்த 4 அட்சரேகை, அடுத்த 4 தீர்க்கரேகை, பிறகு 2 பைட் உயரம், 1 பைட் இதயத் துடிப்பு என்று அது வரிசையைச் சொல்லிவிடும். அதன் பிறகு வருபவை வெறும் எண்கள். பல மணி நேரப் பயணம் சின்னக் கோப்பில் அடங்கிவிடுவதன் ரகசியம் இதுதான். வரையறையைத் தவறாகப் படித்தால் மட்டும் அதற்குப் பின்னால் எல்லாமே குளறுபடி.

எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. அட்சரேகை டிகிரியில் இருக்காது. 180 டிகிரியை 214,74,83,648 சம பாகங்களாக வெட்டி, எத்தனையாவது பாகம் என்று எழுதியிருப்பார்கள். கோப்பில் 15,50,96,041 என்று இருந்தால் அது வடக்கே 13 டிகிரி; சென்னை பெசன்ட் நகரை ஒட்டிச் செல்லும் கோடு. ஒரு பாகம் என்பது தரையில் சுமார் 9 மில்லிமீட்டர். ஆனால் ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகக்கூடியது. நுணுக்கமாகச் சேமிப்பது வேறு, துல்லியமாக அளப்பது வேறு.

உயரத்தை 5ஆல் வகுத்து 500ஐக் கழிக்க வேண்டும். 2,650 என்று இருந்தால் கடல்மட்டத்துக்கு மேல் 30 மீட்டர். இப்படிச் செய்வதால் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் சாக்கடல் கரையையும் மைனஸ் குறி இல்லாமலே எழுதிவிடலாம். வேகம் நொடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கில் இருக்கும்: 8,333 என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர். நேரம் 1989 டிசம்பர் 31 நள்ளிரவிலிருந்து, உலகப் பொது நேரப்படி, எண்ணப்பட்ட நொடிகள். கணினிகள் வழக்கமாக 1970லிருந்து எண்ணுவதால் 63,10,65,600 நொடிகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மறந்தால் 2024இல் போன பயணம் 2004க்குப் போய்விடும். இந்திய நேரம் வேண்டுமென்றால் மேலும் ஐந்தரை மணி நேரம். இதயத் துடிப்பு 255 என்று வந்தால் யாரும் பயப்பட வேண்டாம். அந்த நொடியில் சென்சாரிலிருந்து எதுவும் வரவில்லை என்பதற்கான அடையாளம் அது. சராசரி எடுக்கும்போது அதை விலக்கிவிட வேண்டும்.

இந்த வேலை புதிதல்ல. மிதிக்கும் திறனைச் சக்கர அச்சுக் குடத்தில் அளக்கும் பவர்டேப் கருவியின் தரவை லினக்ஸ், மேக் கணினிகளில் இறக்குவதற்காக ஷான் ரியா 2006 வாக்கில் எழுதத் தொடங்கிய நிரல்தான், இன்று உலகெங்கும் சைக்கிள் ஓட்டிகளும் பயிற்சியாளர்களும் இலவசமாகப் பயன்படுத்தும் கோல்டன் சீட்டா. ராபர்ட் லைப் தொடங்கிய ஜிபிஎஸ்பேபல், ஒரு கருவியின் கோப்பை இன்னொன்றுக்குப் புரியும்படி மாற்றித் தருகிறது. வடிவத்தின் விவரங்களை நிறுவனமே வெளியிடாத காலத்தில், கேபிளில் ஓடும் பைட்டுகளைப் பார்த்துப் பார்த்தே பொருள் கண்டுபிடித்தவர்கள் உண்டு. இன்று ஃபிட் வடிவத்தின் விளக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த உழைப்பாளிகளை நினைத்தால், நமக்கு வேலை எவ்வளவு சுலபமாகிவிட்டது!

சுலபமாகாத இடம் ஒன்று உண்டு. மொத்தம் எவ்வளவு மேடு ஏறினோம் என்ற கேள்வி. ஒரே பயணத்துக்கு இரண்டு செயலிகள் இரண்டு விடை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நாமே நிரல் எழுதினால் காரணம் விளங்கும். அடுத்தடுத்த உயரங்களைக் கழித்து, ஏற்றங்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவதுதான் முதலில் தோன்றும் வழி. உயரம் பதிவாகும் மிகச் சிறிய படி 0.2 மீட்டர். காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கும் கருவியில், தட்டையான சாலையிலும் எண் கொஞ்சம் மேலும் கீழும் ஆடும். ஒரு நொடி 0.2 மீட்டர் கூடி, அடுத்த நொடி 0.2 மீட்டர் குறைந்தால், ஒரு மணி நேரத்தில் 1,800 ஏற்றங்கள். கூட்டினால் 360 மீட்டர். மேடே இல்லாத சாலையில் ஒரு குன்று முளைத்துவிட்டது! அதனால் இரண்டு அல்லது மூன்று மீட்டருக்கு மேல் தொடர்ந்து ஏறினால்தான் கணக்கில் சேர்ப்பது என்று ஒரு வரம்பு வைக்கிறார்கள். வரம்பை உயர்த்தினால் நிஜமான சின்ன மேடுகள் விடுபடும், தாழ்த்தினால் பொய்யான மேடுகள் நுழையும். எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு கிடையாது. மொத்த ஏற்றம் என்பது, நிரலை எழுதியவர் எடுத்த ஒரு முடிவையும் சேர்த்துச் சுமந்து வரும் எண்.

வீட்டில் எழுதிய நிரலின் அருமை நன்றாகத் தெரிவது, பாதி வழியில் பேட்டரி தீர்ந்துபோன பயணத்தில்தான். கருவி முறையாகக் கோப்பை மூடாததால், தலைப்பகுதியில் இருக்க வேண்டிய தரவின் அளவு பல சமயம் சரியாக இருக்காது, கடைசிச் சரிபார்ப்பு எண்ணும் இருக்காது. இணையச் சேவைகள் கோப்பு பழுது என்று திருப்பி அனுப்பிவிடும். உள்ளே ஆயிரக்கணக்கான பதிவுகள் நல்லபடியாகவே இருக்கும். முதலிலிருந்து பதிவு பதிவாகப் படித்து, முழுதாக முடிந்த கடைசிப் பதிவோடு நிறுத்த வேண்டும். அரைகுறையாக நிற்கும் மிச்சத்தை வெட்டிவிட்டு, உண்மையான அளவைத் தலைப்பகுதியில் எழுதி, தலைப்பகுதிக்கும் கோப்பு முழுவதற்குமான சரிபார்ப்பு எண்களைப் புதிதாகக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். சில சேவைகள் பயணத்தின் மொத்தத்தைச் சொல்லும் முடிவுப் பதிவையும் எதிர்பார்க்கும். மீட்ட எண்களிலிருந்தே அதையும் எழுதிச் சேர்த்துவிடலாம். பேட்டரி நின்ற இடம் வரைக்குமான பாதை வரைபடத்தில் வந்துவிடும்.