5 அடி மீன் தொட்டி நாமளே செஞ்சா லாபமா? முழுக் கணக்கு இதோ!

ஹால்ல ஒரு பெரிய மீன் தொட்டி வைக்கணும்னு நம்மள்ல நிறைய பேருக்கு ஆசை இருக்கு. ரெடிமேடா வாங்காம நாமளே ஒட்டினா மிச்சம்னும் தோணும். ஆனா தொட்டி செய்யுற செலவு ஒரு தடவைதான். வச்சிருக்கிற செலவு மாசாமாசம் வரும். பென்னலூர்ல வாடகை வீட்டு மாடியில 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி வைக்கிறதா எடுத்துக்கிட்டு கணக்குப் போடுவோம்.

1. செய்யுற செலவு

அடிப்பக்கம் 10, முன்னும் பின்னும் 20, ரெண்டு ஓரமும் 8. மொத்தம் 38 சதுர அடி கண்ணாடி. கடைக்காரர் சொல்ற சதுர அடி ரேட்டை 38-ஆல பெருக்குங்க. வெட்டுக்கூலி, பாலிஷ் தனியான்னு கேட்டுக்கோங்க.

இந்த அளவுக்கு 12 மி.மீ. ஃப்ளோட் கிளாஸ் நல்லது. உருகின தகரத்து மேல கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு செய்யுறதால அந்தப் பேரு. நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயே செயின்ட் கோபைன் 2000-லிருந்து இதைத் தயாரிக்குது. ஒட்டுறதுக்கு அக்வேரியம் சிலிகான் மட்டும்தான். பூஞ்சை தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிகான் மீனுக்கு ஆபத்து.

2. எடை: இங்கதான் ரிஸ்க்

தொட்டி கொள்ளளவு சுமார் 566 லிட்டர், அதாவது 566 கிலோ. கண்ணாடி மட்டும் 106 கிலோ. மணல், கல், ஸ்டாண்ட் சேர்த்தா 700 கிலோவைத் தாண்டும். வீட்டுத் தளத்துக்கு ஐ.எஸ். 875 தரம் எடுத்துக்கிற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. நம்ம தொட்டியோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத இடத்துல நிக்குது. அதனால தளம் உடனே இடிஞ்சிடும்னு அர்த்தமில்ல. ஆனா சிவில் இன்ஜினியர்கிட்ட கேட்காம மாடியில வைக்காதீங்க. விரிசல் விட்டா அட்வான்ஸ் போறதோட நிக்காது. கீழ் வீட்டுலயும் ஆள் இருக்காங்க.

3. மாசச் செலவு

ஃபில்டரும் ஏர் பம்பும் சேர்ந்து 35 வாட், 24 மணி நேரம். லைட் 30 வாட், 8 மணி நேரம். ஒரு நாளைக்கு சுமார் 1.08 யூனிட், 2 மாசத்துக்கு 65 யூனிட். தமிழ்நாட்டுல வீட்டுக்கு இலவச யூனிட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. சப் மீட்டர் வச்சு ஓனர் வாங்குற வீடுன்னா அந்த ரேட்டுல பெருக்குங்க.

வாரம் கால் பங்கு தண்ணி மாத்தினா 140 லிட்டர், அதாவது 7 வாட்டர் கேன் அளவு. லாரித் தண்ணி வாங்குற வீட்டுல இதுவும் காசு. தீவனம் தனி.

4. காலி பண்ற செலவு

வேலை மாறினா வீடும் மாறும். காலித் தொட்டியைத் தூக்கவே நாலு பேர் வேணும். வித்தாலும் போட்ட காசு வராது.

அப்போ என்ன பண்ணலாம்?

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் பாருங்க. நீளம் 2 அடிதான் குறையுது. ஆனா 8 மி.மீ. கண்ணாடியும் தண்ணியும் சேர்த்து சுமார் 225 கிலோதான், பெரிய தொட்டியில மூணுல ஒரு பங்கு! தண்ணி மாத்துற வேலையும் அதே அளவு குறையும்.

5 அடிதான் வேணும்னா, தரைத்தளமா இருக்கணும். ஓனர் சம்மதம் வேணும். ஒரு வருஷ மாசச் செலவைத் தனியா எடுத்து வச்சிருக்கணும். கிரெடிட் கார்டு இஎம்ஐ வேண்டாம். தொட்டியை ஒரு வாரம் தண்ணி நிரப்பி வெளியில வச்சு, கசிவு இல்லைன்னு பார்த்த பிறகு கொளத்தூருக்கு மீன் வாங்கக் கிளம்புங்க!