தோட்டத்தில் விபத்து: கம்பெனி பெரியவர்கள் தப்ப முடியுமா?

சுகாதாரப் பகுதியில் சட்டப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். மருந்து அடித்துவிட்டு மூக்கில் ரத்தம் வழிய வருகிறவருக்கு நான் முதலுதவி செய்யலாம். கண்ணில் தெறித்திருந்தால் கழுவிவிடலாம். மறுநாள் காலை பெரட்டு முடிந்ததும் அவர் அதே ஒழுகுகிற பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் என் வைத்தியத்துக்கு என்ன பலன்? பம்பை மாற்றுகிற அதிகாரம் டிரெசருக்குக் கிடையாது. அந்த அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்கள் உடம்பைச் சேர்ந்த விஷயம்தான்.

"கம்பெனியை என்னா பண்ண முடியும் ஐயா, அபராதத்தக் கட்டிட்டுப் போய்க்கிட்டே இருப்பான்" என்று நம்ம ஆளுங்க சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. கம்பெனி என்பது காகிதத்தில் இருக்கிற ஓர் ஆள். அதற்குக் கைவிலங்கு மாட்ட முடியாது. அதனால்தான் பாதுகாப்புச் சட்டங்கள் அந்தக் காகிதத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரையும் தேடுகின்றன.

1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரியவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். அதன் பிறகு 1994இல் வந்ததுதான் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். தொழிற்சாலை மட்டுமல்ல, விவசாயமும், அதாவது நம் தோட்டங்களும், ஆரம்பத்திலிருந்தே அதில் அடக்கம். கம்பெனி குற்றம் செய்தால் அதன் டைரக்டர், மேனேஜர், செயலாளர் ஆகியோரையும் குற்றவாளிகளாகக் கருதலாம் என்று அப்போதே எழுதப்பட்டது. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்காத முதலாளிக்கு முன்பு அதிகபட்ச அபராதம் 50,000 வெள்ளி. இப்போது 5 லட்சம் வெள்ளி. அதோடு இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து.

புதிதாகச் சேர்த்த 52ஏ பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கம்பெனியோடு சேர்த்தோ தனியாகவோ டைரக்டர், மேனேஜர் போன்ற பொறுப்பாளர்மீது வழக்குப் போடலாம். கம்பெனி குற்றவாளி என்று தீர்ப்பானால் அவரும் குற்றவாளியே. தப்ப வேண்டுமானால் தனக்குத் தெரியாது, தன் சம்மதம் இல்லை, தடுப்பதற்கு நியாயமான ஏற்பாடெல்லாம் செய்திருந்தேன் என்கிற மாதிரியான காரணங்களை அவரே நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கிற பாரம் அவர் தலையில்.

நடைமுறையில் பழி எங்கே விழுகிறது? பெரும்பாலும் மண்டோர் தலையில். "கையுறை போடச் சொல்லி நீ பார்த்திருக்க வேண்டாமா?" என்று துரை அவரைக் கேட்பார். ஸ்டோரில் கையுறையே இல்லாதபோது மண்டோர் எதைப் போடச் சொல்வது? கையுறை வாங்கப் பணம் ஒதுக்குவது மண்டோர் வேலை அல்ல. பாதுகாப்புச் சாமான்களுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிப்பதையும் இதே சட்டம் தடுக்கிறது. ஆனால் ஒன்று: கொடுத்த சாமானை உடுத்த வேண்டியது நம் கடமை. வெயிலுக்குப் புழுங்குகிறது என்று முகமூடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் முதலாளியின் வக்கீலுக்கு நாமே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும்.

சட்டம் இருந்தாலும் வழக்கு எப்படி நகர்கிறது என்பதற்குப் போபால் ஒன்று போதும். அதுவும் பூச்சிமருந்து செய்த ஆலைதான். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அங்கிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற அளவுக்குக் குறைத்துவிட்டது. 2010 ஜூன் 7ஆம் தேதி, அதாவது 25 வருஷம் கழித்து, இந்தியக் கம்பெனியின் முன்னாள் அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருஷச் சிறையும் தலா ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அன்றே ஜாமீனும் கிடைத்தது. அமெரிக்கத் தலைமைக் கம்பெனியின் தலைவர் வாரன் ஆண்டர்சன் கோர்ட்டுப் படியே ஏறாமல் 2014இல் இறந்துபோனார். அத்தனை சாவுக்கு இது தண்டனையா என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

சரி, நாம் செய்யக்கூடியது என்ன? "எனக்குத் தெரியாது" என்பதுதான் பெரியவர்களின் முதல் கதவு. அந்தக் கதவை அடைப்பது எழுத்து. வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. பம்பு ஒழுகுகிறது, குளிக்கத் தண்ணீர் இல்லை என்பதை அந்தக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். குறிப்பு மேலே போகும். புகார் சொன்னதற்காக யாரையும் வேலையை விட்டு நீக்கவோ வஞ்சிக்கவோ கூடாது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்ப நியாயம் இருந்து, சொல்லியும் முதலாளி கவனிக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமையும் புதிய திருத்தத்தில் இருக்கிறது.

என்னிடம் வருகிறபோது "தலை சுத்துது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த மருந்து, எத்தனை மணிநேரம், காற்று எதிர்த்து அடித்ததா, கையுறை இருந்ததா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். புத்தகத்தில் எழுதுகிறேன். "வேற எங்கயோ சாப்பிட்ட வாந்தி" என்று எழுதச் சொல்லும் தோட்டங்கள் உண்டு. அப்படி எழுதக் கூடாது. வேலையால் வந்த விஷபாதிப்பை முதலாளி 7 நாளைக்குள் தொழிலிடப் பாதுகாப்பு இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும். நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதையெல்லாம் எடுத்துச் சொல்லுங்கள். பாஷை தெரியாததால் அவர்கள் வாய் திறப்பதே இல்லை.

இன்னொன்று. பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு வாய் விழுங்கினாலே நுரையீரலைக் கெடுத்துக் கொல்லும், முறிமருந்தும் கிடையாது. பழைய போத்தலை யாராவது நீட்டினால் கையால் தொடாமல் லேபிளைப் போனில் படம் எடுத்துக்கொண்டு சங்கக் கிளைச் செயலாளரிடம் காட்டுங்கள்.