கழுத்தைக் கழற்றினால் வயது தெரியும்

லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் கிட்டார் பழுது பார்ப்பது என் பிழைப்பு. பழைய ஃபெண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் காட்டுவது பின்பக்கத்து நம்பரைத்தான். நெக்கும் பாடியும் சேரும் இடத்தில் நாலு ஸ்க்ரூ போட்ட சின்னத் தகடு இருக்கும், நம்பர் அதில். "தேடிப் பார்த்துவிட்டேன், 1963" என்பார்கள். இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே தந்திகளைத் தளர்த்துவேன்.

ஃபெண்டரின் ஃபுல்லர்டன் தொழிற்சாலையில் தகடுகளுக்கு வரிசையாக நம்பர் அடித்தார்களே தவிர, வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. கைக்கு வந்ததை மாட்டினார்கள். கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரிடம் இருந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் (ஸ்ட்ராட்) நம்பர் 0001. முதல் ஸ்ட்ராட் அதுதானோ என்று தோன்றும். ஆனால் நெக்கில் இருக்கும் தேதி 1954 ஜூன், பாடியில் செப்டம்பர். அதற்கு முன்பே ஸ்ட்ராட்டுகள் வந்தாயிற்று. (2019 ஏலத்தில் அது 18 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம்பருக்கு அவ்வளவு மவுசு!)

ஆகவே நெக்கைக் கழற்றிப் பார்ப்பதே உத்தமம். பாடிக்குள் புதைந்திருக்கும் அடிமுனையில் 1962 தொடக்கம்வரை பென்சிலில் தேதி எழுதினார்கள். டாடியோ கோமஸ் என்ற தொழிலாளி கூடவே தன் இனிஷியலையும் போட்டார். அவர் கைபட்ட நெக் என்றால் சேகரிப்பாளர்கள் விடமாட்டார்கள். பிறகு ரப்பர் ஸ்டாம்ப் வந்தது. அதில் '2 மார்ச் 62 பி' என்றிருந்தால் மார்ச் இரண்டாம் தேதி என்று படித்துவிடாதீர்கள். அந்த 2 ஸ்ட்ராட் மாடலின் எண். 'பி' நெக்கின் அகலம். ஆக, கிடைப்பது மாதமும் வருஷமும் மட்டும். அதுவும் நெக் செய்த மாதம், கிட்டார் பூட்டிய மாதம் அல்ல.

அடுத்தது, உள்ளே இருக்கும் வால்யூம் கன்ட்ரோல். அதன் உடம்பில் 304-6320 என்று பொறித்திருந்தால் 304 என்பது ஸ்டாக்போல் கம்பெனி, 63 வருஷம், 20 வாரம். அதாவது 1963 மே மாதத்துக்கு முன்னால் இந்த கிட்டார் பிறந்திருக்க முடியாது. எப்போது பிறந்தது என்று அது சொல்லாது: 1966-ல் மொத்தமாக வாங்கிப்போட்ட கன்ட்ரோல்கள் அடுத்த சில வருஷத்து கிட்டார்களிலும் இருக்கின்றன. சால்டரிங்கையும் பார்க்க வேண்டும். பழைய ஈயம் மங்கிக் கிடக்கும். பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், கன்ட்ரோலின் தேதியை நம்பிப் பயனில்லை.

1976-க்குப் பிறகு நம்பர் தலைப்பகுதிக்குப் போய்விட்டது. நம்பருக்கு முன்னால் எஸ் என்றால் எழுபதுகள், இ எண்பதுகள். அதில் இவ்வளவு பாடு இல்லை.

பாடெல்லாம் 1965-க்கு முந்தையவற்றில்தான். அந்த ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். அதற்கு முந்தைய கிட்டாருக்குச் சந்தையில் தனி விலை. விலை இருக்கும் இடத்தில் தகடு மாற்றுகிறவர்களும் இருப்பார்கள். நாலு ஸ்க்ரூ வேலைதானே.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் நெக்கின் அடிமுனையையும் கன்ட்ரோல்களின் முதுகையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்கிறவர் மறுத்தால் வேறு கிட்டார் பாருங்கள்.