வைகறை நியமம்

ஹைதர் அலி 1760-ஆம் ஆண்டில் தொடங்கிய பெங்களூர் லால்பாக் தோட்டத்திற்குள் பொழுது புலரும் வேளையில் நுழைகிறவர்கள், குல்லாயும் ஸ்வெட்டருமாக விறுவிறுவென்று நடக்கும் முதியவர்களையும், கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் பாறையின்மேல் கிழக்கு நோக்கி அமர்ந்து பிராணாயாமம் செய்வோரையும் தவறாமல் காண்பார்கள். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக 1912 முதல் 1918 வரை விளங்கி, நூறு பிராயம் கடந்து 1962-இல் இந்நகரிலேயே மறைந்த சர் எம். விசுவேசுவரய்யா, அணைகள் கட்டிய மேதாவிலாசத்திற்கு ஈடாகக் காலந்தவறாத நித்திய ஒழுங்கிற்காகவும் போற்றப்பட்டவர்.

இத்தகைய ஒழுங்கு சரீரத்திற்கு இசைவானது என்பதற்குச் சாஸ்திர ஆதாரம் உண்டு. நம் உடலுக்குள் ஏறத்தாழ இருபத்துநான்கு மணி நேரச் சுழற்சியுடைய ஒரு கடிகாரம் இயங்குகிறது. அது உயிரணுக்களில் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் பழ ஈக்களை ஆராய்ந்து கண்டறிந்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவர் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். கண்வழியே புகும் காலை வெளிச்சம் மூளையிலுள்ள அந்தக் கடிகாரத்தை நாள்தோறும் திருத்தி வைப்பதால், தினமும் ஒரே நேரத்தில் விழித்தெழுந்து சற்று வெளியே உலாவுகிறவர்களுக்குப் பகலில் உற்சாகமும் இரவில் உரிய வேளையில் நித்திரையும் எளிதில் வாய்க்கின்றன.

ஆயினும், அமெரிக்க அலுவலகத்தாரோடு நள்ளிரவு வரை பேசிவிட்டு வரும் பெங்களூரின் ஒயிட்ஃபீல்டு பகுதி இளைஞர், பிறரைப் பார்த்து நான்கு மணிக்கு அலாரம் வைப்பது ஆரோக்கியத்திற்கே கேடாகும். வயது வந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமேனும் வேண்டுமாதலால், எழும் நேரத்தை நிர்ணயிப்பதற்கு முன் படுக்கும் நேரத்தை நிர்ணயிப்பதே முறை. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல், எழுந்ததும் தண்ணீர் அருந்துதல், அரைமணி நேரம் நடத்தல், அன்றைய காரியங்களுள் கடினமானதை மனம் தெளிந்திருக்கும்போதே கைக்கொள்ளுதல் என்னும் இவ்வளவே தொடக்கத்திற்குப் போதும். சிறிய நியமமாயினும் இடைவிடாது அநுஷ்டிக்கப்படும்போதுதான் அது சுபாவமாகிறது.

இவ்விஷயத்தில் வீட்டார் அனைவரும் கருத வேண்டியது ஒன்றுண்டு. காபி டிகாக்ஷன் இறக்குவது முதல் பிள்ளைகளின் டிபன் பாக்ஸ் கட்டுவது வரை அதிகாலை முழுவதையும் அடுப்படியிலேயே கழிக்கும் தாய்மார்களுக்கும் அந்த அரைமணி நேர நடை அவசியமானது. குடும்பத்தார் வேலையைப் பகிர்ந்துகொண்டு அவர்களுக்கும் அதைக் கிடைக்கச் செய்தால்தான், காலை நியமம் குடும்பம் முழுவதற்கும் நன்மை பயப்பதாகும்.