சட்டப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுக்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

செமஸ்டர் தொடங்கிவிட்டால் மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் பைண்டிங் வேலை சூடுபிடித்துவிடும். கிரீன்வேஸ் சாலையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சட்ட மாணவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சட்டமும் சமூகமும் மாதிரியான பாடத்துக்கு ஒரே புத்தகம் போதாது. ஒரு தீர்ப்பு, இரண்டு கட்டுரை, ஏதோ ஒரு நூலில் ஒரு அத்தியாயம் என ஆசிரியர் தேடிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இப்படிப் பகிர்ந்தால் பதிப்புரிமை மீறலா?

டெல்லியில் நடந்த வழக்கு

இதே கேள்வி 2012-ல் கோர்ட்டுக்குப் போனது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. பாடத்துக்கான பக்கங்களைத் தொகுத்து விற்றதுதான் புகார்.

2016 செப்டம்பரில் டெல்லி ஐகோர்ட் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவு, கற்பித்தலுக்காக ஆசிரியரோ மாணவரோ படி எடுப்பதை அனுமதிக்கிறது. டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, இத்தனை சதவீதம்தான் எடுக்கலாம் என்ற கணக்கு கிடையாது, பாடத்துக்கு அது தேவையா என்பதே அளவுகோல் என்றது. அந்தத் தேவையை விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியும் வைத்தது. ஆனால் 2017-ல் பதிப்பகங்களே வாபஸ் வாங்கிவிட்டன.

இந்தத் தீர்ப்பு சென்னை ஐகோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டி வாதாடலாம், அவ்வளவுதான். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு அத்தியாயத்தைப் போடுவதற்கும் இதே வாதத்தை வைக்கலாம். முழுப் புத்தக பிடிஎஃப்பை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் டெலிகிராம் சேனலில் போட்டுவிட்டு இதைச் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

தீர்ப்புகளுக்குப் பயமே வேண்டாம்

இட ஒதுக்கீடு பாடம் எடுப்பவர் 1951 செண்பகம் துரைராஜன் தீர்ப்பைத் தொடாமல் போக முடியாது. சென்னை அரசின் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்து, அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கே வழிவகுத்த தீர்ப்பு அது. நீதிமன்றமே தடை விதித்தால் தவிர, எந்தத் தீர்ப்பையும் படி எடுக்கலாம், பகிரலாம். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023 ஜனவரி முதல் இ-எஸ்சிஆர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. தனியார் சட்ட இதழ்கள் தீர்ப்பின் மேலே போடும் சுருக்கக் குறிப்பு அந்தப் பதிப்பகத்துக்குச் சொந்தம். 2007-ல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அதனால் தீர்ப்பை இலவசத் தளத்தில் இருந்து எடுப்பதே நல்லது.

தமிழில் கொடுக்க முடியுமா?

முடியும். பலருக்கும் தெரியாத வசதி இது. ஒரு சட்டத்துக்கு அரசின் தமிழ் மொழிபெயர்ப்பு இதுவரை வரவில்லை என்றாலோ, வந்தும் விற்பனையில் இல்லை என்றாலோ, ஆசிரியரே மொழிபெயர்த்து வெளியிடலாம். அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பு அல்ல என்று கண்ணில் படுகிற இடத்தில் போட்டுவிட வேண்டும்.