கூதிர்காலத்து மல்லித் தண்ணீர்

பெரும்பொழுது ஆறனுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். பிறநாட்டார் இலையுதிர்காலம் என்று சொல்லும் இத்திங்கள்களில் நமக்கு இலை உதிர்வதில்லை, மழையே பொழிகின்றது. வடகீழ்ப் பருவக்காற்று வந்தவுடன் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் சேறாகும். கிணறுகளில் நீர் மேலெழும். ஆயினும் அந்நீரை அள்ளிக் குடிக்க ஒருவருக்கும் மனம் வாராது.

இதனை நக்கீரர் நெடுநல்வாடையிலே காட்டியிருக்கிறார். குவிந்த வாயையுடைய கலத்துத் தண்ணீரை மக்கள் உண்ணாராய், அகன்ற வாயையுடைய தடவிலே மூட்டிய நெருப்பை நாடினர் என்பது அவர் கூற்று. நம் வீடுகளில் தடவு இல்லை. அதன் தொழிலைச் செய்வது மல்லித் தண்ணீர்.

மல்லியை இளஞ்சூட்டில் மணம் வர வறுத்து, வேர்க்கொம்பும் மிளகுஞ் சேர்த்து இடித்து, 6 பேணி நீர் 4 பேணியாக வற்றும்வரை காய்ச்சுவது எங்கள் வீட்டு அளவு. சீனி இடுதல் மரபன்று. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு மிடறு மிடறாகக் குடித்தல் வேண்டும். நாம் வேர்க்கொம்பு என்பதைப் பிறர் சுக்கு என்பர். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் திரிகடுகம். நல்லாதனார் தம் நூலுக்கே அப்பெயரை இட்டார். இவற்றின் முன் தேயிலை நேற்று வந்த விருந்தாளி. ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டது 1867 இலேதான்.

இதுகாறும் நீரைச் சொன்னேன். இனிக் கலத்தைச் சொல்லவேண்டும்.

நான் சிறுவனாயிருந்த 1970 களில் எங்கள் வீட்டில் மூக்குப்பேணிகள் இருந்தன. இதழிற் படாமல் அண்ணாந்து வார்த்துக் குடிப்பதற்கு வாய்ப்பான பித்தளைக் கலங்கள் அவை. தோட்ட வேலைக்கு வந்தவர்க்கும் அதே மல்லித் தண்ணீர்தான். ஆனால் அவர்க்குப் பேணி இல்லை. வேலியிற் செருகியிருந்த சிரட்டையை அவர்களே எடுத்துக் கழுவி ஏந்துவார்கள். ஆச்சி உயரத்திலிருந்து வார்ப்பார். சாதி காரணமாகத் தேநீர்க்கடை முதலிய பொதுவிடங்களில் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. அது கடை வாயிலுக்கு வந்தது. எங்கள் அடுக்களை வாயிலுக்கு வரவில்லை. ‘யாதும் ஊரே’ என்பதை மனனஞ் செய்துகொண்டிருந்த நானும் ஒன்றும் கேட்டேனல்லேன்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, ஐப்பசி மழையில், வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் இலட்சக்கணக்கானோரிடையே நாங்களும் அடி அடியாக நகர்ந்தோம். விடியும்போது தென்மராட்சியிலே ஒரு குடிசை வாசலில் நின்றோம். ஒரு தாய் பெரிய பானையில் மல்லித் தண்ணீர் காய்ச்சி, வருவோர்க்கெல்லாம் வார்த்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று எவரும் வினவவில்லை. இருந்த ஏனங்கள் போதவில்லை. எங்கள் முறை வந்தபோது ஆச்சியின் கையிற் கிடைத்தது ஒரு சிரட்டை.

ஆச்சி அதனைச் சிறிது நேரம் பார்த்தார். பின் இரு கையாலும் ஏந்தி, இதழிற் பொருத்திக் குடித்தார். வெறுஞ் சிரட்டையை நீட்டி, “இன்னுங் கொஞ்சம் இருக்கோ, பிள்ளை?” என்று கேட்டார்.

1996 இல் வீடு திரும்பினோம். மூக்குப்பேணிகள் போய்விட்டன. புதிய பேணிகள் வாங்கி வரும்படி ஆச்சி சொன்னார். வீட்டில் நாங்கள் ஐவர். அவர் சொன்ன தொகை எட்டு. “வேலைக்கு வாறவைக்கும் வேணுமெல்லே” என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானுங் கேட்கவில்லை.

இவ்வைப்பசியிலும் மல்லி வறுக்கும் மணம் வீடுதோறும் எழும். வறுப்போர் அளவைப் பார்க்கும்போது, அடுக்கியிருக்கும் கலங்களையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.